எத்தனை அடி

திருச்செங்கோட்டில், வேலூர் ரோட்டில்,
தகரக் கூரை போட்ட ஆபீஸ்.
முதலாளி வேறு; சாவி மட்டும் என்னிடம்.
ஐந்தே முக்காலுக்கு ஷட்டரைப் பாதி தூக்குவேன்.
மலை இன்னும் கருப்பாய் நிற்கும்.
ரிக் வண்டி மூன்றும் வெளியூரில்.
போர்வெல் கணக்கு எழுதும் மேஜையில்
வேதாகமம், ஒரு டம்ளர் டீ,
ஏழு மணி வரைக்கும்.

முன்பெல்லாம் இது கடன் அடைக்கிற மாதிரி.
சபையில் கொடுத்த அட்டவணை,
நாளுக்கு மூன்று அதிகாரம், கட்டத்தில் டிக்.
ஜனவரியில் வண்டி ஓடும்.
பிப்ரவரியில்
வனாந்தரக் கூடாரத்தின் முழக்கணக்கு வந்ததும்
தவணை தவறிய ஆள்போல
அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டேன்.
நாலு வருஷமாக அதே பக்கத்தில்
அதே காஸ் ரசீது அடையாளமாய்க் கிடந்தது.
வருஷம் பிறந்தால் உலகம் மறுபடி உண்டாகும்,
பிப்ரவரியில் நின்றுபோகும்.

அப்புறம் ஒருநாள்
வெள்ளகோவில் பக்கத்துத் தென்னந்தோப்பிலிருந்து
டிரில்லர் சின்ராசு:
"ஏனுங் மேடம், எழுநூத்தி இருவது போயாச்சுங்.
வெறும் புழுதி.
தோட்டத்துக்காரரு குத்தவெச்சு உக்காந்திருக்காரு.
நிறுத்தீரட்டுமுங்களா?"
அவரையே கேள் என்றேன். லைனில் இருந்தேன்.
அங்கே யாரும் பேசவில்லை,
கம்ப்ரசர் மட்டும் பேசியது.

அந்த இரைச்சலில் கண் கீழே போனது.
அங்கே ஒருவன்
தகப்பன் வெட்டி, பகையாளி மண்போட்டு மூடிய
கிணறுகளை மறுபடி தோண்டிக்கொண்டிருந்தான்.
பழைய பேர்களையே வைத்தான்.
புதிதாய் ஒன்று வெட்டினான். தண்ணீர். தகராறு.
விட்டுப் போனான்.
இன்னொன்று. அதற்கும் தகராறு.
மூன்றாவதுக்கு யாரும் வரவில்லை.

நாலு தடவை டிக் போட்ட பக்கம்தான்.
இப்போது ஒன்றே ஒன்று தோன்றியது:
எத்தனை அடி?
எழுதியவர் எழுதவில்லை.
என்ன பாறை, எத்தனை ஆள், கூலி எவ்வளவு,
மூச்.
பென்சிலை எடுத்து ஓரத்தில்
'அடி?' என்று எழுதினேன்,
வேதத்தில் கிறுக்கினால் அடி விழும் என்று வளர்ந்த கையால்.
சிரிப்பு வந்துவிட்டது.
"மேடம், சிரிக்கிறீங்களா?" என்றான் சின்ராசு.

எண்ணூற்றுப் பத்தில் நிறுத்தினார்கள்.
தண்ணீர் இல்லை. பில் போட்டது நான்தான்.
தோண்டத் தோண்ட ஊறும் என்று
பிரசங்கத்தில் சொன்னால் இன்றைக்கும்
தலையைக் குனிந்துகொள்வேன்.
ஊறாமலும் போகும் ஐயா, ரசீது இருக்கிறது.

ஆனாலும் அட்டவணை தொலைந்தது, தேடவில்லை.
சில நாள் இரண்டு அதிகாரம், சில நாள் நாலே வரி.
கூடாரத்துக்குத் திரும்பிப் போனேன்,
இந்தத் தடவை கால்குலேட்டரோடு.
பத்து மூடுதிரை. இருபத்தெட்டு முழ நீளம்,
நாலு முழ அகலம்.
ஆயிரத்து நூற்றிருபது சதுர முழம்!
விளிம்பில் ஐம்பது காது, எதிர்விளிம்பில் ஐம்பது.
திருப்பூரில் பனியன் கம்பெனித் தையலில் இருக்கும்
நாத்தனார் சுகந்திக்குப் போன் போட்டேன்:
அம்பதும் அம்பதும் நேருக்கு நேர் வருமா?
"மார்க் பண்ணாமத் தெச்சா
மூணாவது காதுலயே கோணிக்கும் அண்ணி.
யாரு ஆர்டரு, எக்ஸ்போர்ட்டா?"
பழைய பார்ட்டி என்றேன்.

இன்றைக்குப் பேர்ப் பட்டியல்.
இன்னாருக்கு இன்னார் மகன், அவனுக்கு இவன்.
கொட்டாவி ஒன்று, இரண்டு.
நடுவில் ஒருத்தன்,
அப்பனின் கழுதைகளை மேய்க்கப் போன இடத்தில்
என்னவோ கண்டுபிடித்தானாம்.
என் பழைய வேதாகமத்தில் அது கோவேறு கழுதை.
தங்கை கொடுத்த புதியதில் வெந்நீர் ஊற்று.
இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்திருக்கிறேன்.
டீ ஆறிவிட்டது.
மலைமேல் வெயில் விழுந்துவிட்டது.
மணி ஏழு, போன் அடிக்கிறது, அடிக்கட்டும்.

கழுதையா, தண்ணீரா?