பென்சில் கோடுகள்

வாடகை அறைச் சுவரில்
ஆணி அடிக்கக் கூடாதென்று ஒப்பந்தம்.
பென்சிலைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

முதல் கோடு என் மார்பளவில்.
மாசி பதினொன்று.
விரல்களைச் சிலந்திபோல் சுவரில் நடத்தி
அதுவரைதான் ஏற ஏலுமாயிருந்தது.
அதற்குமேல் தோளுக்குள் யாரோ
கதவைச் சாத்திக்கொண்டு
'ஆரது?' என்றார்கள்.

இருபத்தாறு வருடம்
மெயின் வீதிக் கடையில் சேலை விரித்த கை.
ஐந்தரை மீட்டர், ஒரே வீச்சு.
முந்தானை காற்றில் ஒரு கணம் நின்று
பிறகுதான் இறங்கவேண்டும்.
வந்தவர் வாங்காமல் போனால்
மடிப்பதும் அதே கை.
ஒரு நாளைக்கு நூற்றைம்பது என்று வையுங்கள்.
மஸாஹிர் முதலாளி அப்படி வைக்கவில்லை,
அவர் விற்றதை மட்டும் எண்ணுவார்.

பெரியாஸ்பத்திரியில்
வெந்நீர்ப் பொதி தோளில் கனக்க
வாங்கில் வரிசையாய் இருந்தோம்.
கொத்துரொட்டிக் கடை ரிஸ்மிக்கு மணிக்கட்டு
(சும்மா இருக்கையிலும் விரல்கள் தாளம் போடும்).
ஓட்டோ சாரதி ஒருவருக்கு இடுப்பு.
பந்து பிடிக்கப் பாய்ந்த பள்ளிக்கூடப் பையனுக்குக்
கணுக்கால், பூசணிப் பிஞ்சுபோல.
அவனுக்கு ஐஸ், எனக்குச் சூடு.
ஏனென்று கேட்டேன்.
தில்ஹானி மிஸ் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னா:
"அவருக்குப் புதுக் கோபம்.
உங்களுக்குப் பழைய கோபம்."

குனிந்து நின்று கையைத் தொங்கவிடுங்கோ.
ஒரு லீட்டர் தண்ணிப் போத்தல்.
நீங்கள் ஆட்டவேண்டாம், அது ஆடட்டும்.
இழுக்கிற நோ வரட்டும், பரவாயில்லை.
குத்துகிற நோ வந்தால் நிற்பாட்டுங்கோ.
அடுத்தநாளும் நொந்தால்
முதல்நாள் பேராசைப்பட்டது நீங்கள்தான்.
ஒரேயடியாய் ஒரு மணித்தியாலம் வேண்டாம்,
ஐந்து நிமிடம், நாலு தரம்,
பல்லு விளக்குவதுபோல
விருப்பம் கேட்காமல்.

மூன்றாம் கிழமை
சனம் கூடிய ஒரு காலையில்
அவசரத்தில் அவவுக்குத் தமிழ் தவறிவிட்டது.
"அத் தெக்கம உஸ்ஸன்ன."
இரண்டு கையையும் தூக்கச் சொல்லி.

சொல் முடியுமுன்னே
இடக்கை மேலே போயிற்று.
அதற்குப் பழக்கம் இருந்தது,
மட்டக்குளிப் பாலத்தடியில்,
டோர்ச் வெளிச்சம் முகத்தில்,
அடையாள அட்டை சட்டைப்பையில்.
அப்போது இரண்டும் ஒன்றாகத்தான் போகும்.
இப்போது வலக்கை
மார்பளவில் நின்று
முடியாது என்றது.

எனக்குச் சிரிப்பு வந்தது.
இந்தக் கையா, அன்றைக்கு இப்படிச் சொல்லியிருந்தால்
இன்றைக்கு உனக்குத் தோள் ஏது, நோ ஏது.

"ஏன் சிரிக்கிறீங்க?"
அவ அந்த நாளில் பாலர் வகுப்பில் இருந்திருப்பா.
கூசுது என்றேன்.
கை வைத்த இடத்தை
கொஞ்சம் தள்ளி வைத்தா.

சித்திரையில் கோடு மூக்குக்கு வந்தது.
வைகாசியில் ஒன்பது நாள் ஏறவே இல்லை,
ஒரே கோட்டின்மேல் ஒன்பது கோடு,
கரிப் பூச்சியொன்று ஒட்டியிருந்ததுபோல.
பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, காரணம் சொல்லாமல்,
இரண்டு விரல் உயரம்.

வாடகை வாங்க வந்த ஜெசிந்தா மிஸிஸ்
கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தா.
"இந்த வீட்டில் எந்தப் பிள்ளை வளருது?"
கையைக் காட்டினேன்.
பெயின்ட் காசு பிறகு கதைப்பம் என்றா.
போகமுன் வாசலில் நின்று
தன் முழங்காலைத் தடவிக்கொண்டு
மெல்லக் கேட்டா:
"படி இறங்கத்தான் நோகுது, ஏற இல்லை.
அதுக்கும் அந்தப் பிள்ளை ஏதும் சொல்லுவாவா?"

நேற்று பஸ்ஸில்
மேல்கம்பிக்கு நாலு விரல் குறைச்சல்.
சீற்றின் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.
யாரும் கவனிக்கவில்லை.

போத்தலைக் கழுவி
தண்ணி நிரப்பி வைத்திருக்கிறேன்.
இன்னும் மூன்று தரம் இருக்கிறது இன்றைக்கு.