மணிக்கு ஆறு நிமிடம்

வில்லை மாற்றினேன், சமநிலைச் சக்கரத்தையும்.
கோப்பையால் மூடிவைத்துப் படுத்தேன். விடியப் பார்த்தால்
மணிக்கூடு கொக்குவிலை விட்டுக்
கெதியாய் எங்கேயோ போயிருந்தது,
மணிக்கு ஆறு நிமிடம்.

நெம்பைப் பின்னுக்குத் தள்ளினேன்
அது போகக்கூடிய அந்தம்வரை.
ஆறு ஐந்தானது. அவ்வளவுதான்.
எண்ணெய் பட்டிருக்குமோ என்று
மயிர்ச்சுருளைப் பெற்றோலில் அலசினேன்.
கவிழ்த்தால் ஐந்து, நிமிர்த்தினால் ஆறு.
கஸ்தூரியார் வீதியில் சாமான் தந்தவன்
ரசீது தராதது ஞாபகம் வந்தது.

இரவு வார்டில், பழக்கத்தில்,
அதைப் பார்த்தே நாடி எண்ணினேன்.
அறுபத்தாறு. எழுபது. அறுபத்துநாலு.
இப்படி அடங்கிய இரவை நான் கண்டதில்லை.
மூன்றாம் கட்டில் அருளப்பர் மட்டும்
"பிள்ளை, நெஞ்சு படபடக்குது" என்றார்.
எண்பத்தெட்டுத்தானே ஐயா என்று வாயெடுத்தவள்
சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன்.
பேந்து ஒருவர் விடாமல்
முதலாம் கட்டிலிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.

காலையில், மேசையில்,
திருகாணி ஒன்று கேட்காமலே
இடுக்கியில் ஏறி ஒட்டியது.
உருண்டு தொலையாமல் இருக்கட்டும் என்று
தகரப்பேணிக்கு அடியில்
பழைய ஸ்பீக்கர் காந்தத்தை வைத்தது நான்தான்.
போனில் திசைகாட்டியைத் திறந்து
மணிக்கூட்டைக் கிட்டக் கொண்டுபோனேன்.
வடக்கு என் பக்கம் திரும்பியது.

மோட்டர் சுற்றும் ஜெறோமின் கடையில்
கரண்ட் ஓடும் கம்பிச்சுருளுக்குள் விட்டு
மெல்ல, மிக மெல்ல, வெளியே இழுத்தேன்.

இப்போது பிந்துகிறது.
காந்தம் போய்விட்டது, சாமானிலும் பிழையில்லை.
நெம்பு
நான் தள்ளிய இடத்திலேயே இருக்கிறது.