ஜோசியர்

அவர் பேர் ஜோவாசிர்.
எங்கள் வாயில் முதல் நாளே ஜோசியர் ஆகிவிட்டார்.
ஒன்பது நாடு, பதினேழு கிளப்.
விமானச் சீட்டுகள் ஒட்டி ஒட்டிக் கிழித்ததில்
பெட்டியின் கைப்பிடியில் பசை மட்டும் மிச்சம்.

பிரேசில்காரர் ஒருத்தர் ஓரமாக நின்றால் போதும்,
பந்து தானாக வலைக்குள் போகும் என்று நம்பிய தலைவருக்கு
எருக்கஞ்சேரியில் மூன்று லாரி,
ஒரு கல்யாண மண்டபம், ஒரு கால்பந்து அணி.
வரவேற்பு பேனரில்
ஜோசியர் முகத்தைவிடத் தலைவர் மீசை பெரிசு.

"இனி இதுதான் என் வீடு" என்றார், கழுத்தில் மாலையோடு.
கைதட்டினோம்.

நான் மாற்று கோல்கீப்பர்.
டெல்லிபாபுவுக்கு ஒரு ஜலதோஷம்கூட வராது.
ஆகவே பதினோரு ஆட்டமும்
பெஞ்சில் ஜோசியர் பக்கத்தில் நான்.
அவர் வலது முழங்கால் ஆடினால் சும்மா.
இடது ஆடினால்
அடுத்த ஐந்து நிமிஷத்தில் கோல் வாங்குவோம்.
அது ஒன்றுதான் பலித்த ஜோசியம்.

அரை இங்கிலீஷிலும் கைவிரலிலுமாகச் சொல்வார்:
குவைத்தில் வெயிலுக்குப் பயந்து நடுராத்திரிப் பயிற்சி.
அங்கோலாவில் நாலு மாசச் சம்பளத்துக்கு ஒரு ஃப்ரிட்ஜ்.
பேர் மறந்துபோன ஒரு தீவில்
கார்னர் அடித்தால் பந்தைத் தேடிப் படகு போகும்.
இன்னொரு நாட்டில் கோப்பை ஜெயித்த மறுநாள்
ஆட்சி கவிழ்ந்தது,
புது மந்திரிக்குக் கால்பந்து பிடிக்காது.

"நீங்க ஆடியிருக்கீங்களா கோச்?"
இரண்டு விரல் காட்டினார்.
"ரெண்டு வருஷமா?"
"ரெண்டு மேட்ச்."
ஜீவா ஸ்டேஷனில் ரயில் வந்து, நின்று, போகும்வரை
இரண்டு பேரும் தரையைப் பார்த்தோம்.

ஒரு நாள் அத்தோ கடைக்குக் கூட்டிப்போனோம்.
வாழைத்தண்டு சூப்பை ஒரு வாய் குடித்து நிமிர்ந்தவர்
"ஜேஸூ தின்பாடே" என்றார்.
ஏதோ தோத்திரம் என்று நினைத்து
ஸ்தேவான் "ஆமென்" போட்டான்.
சம்பூரணம் அக்காவின் கரண்டி பாதியில் நின்றது.
அது பர்மா பாஷையில் நன்றி.
கப்பலில் வந்த அவள் அம்மா செத்த பிறகு
யாரும் அவளுக்குச் சொல்லாதது.
ரங்கூனில் ஒரு சீசன் இருந்தாராம்,
தோற்ற ஆட்டங்களை எண்ணிச் சொன்னார்.
எண்ணிக்கையில் உச்சரிப்பு தப்பாம்,
அக்கா திருத்தினாள்.
கொடுங்கையூர்ப் புகை இறங்கிய பிளாட்பாரத்தில்
பேஜோ தட்டு ஆறியது.
எங்கள் ஒருத்தனுக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை.

இரண்டு வெற்றி, ஐந்து டிரா, நாலு தோல்வி.
கணேசபுரம் சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர் நின்ற அன்று
தலைவர் போன் செய்தார்.
ஜோசியர் ஆறேழு தடவை "ஓகே" சொன்னார்.
ஊர் ஊராகச் சொல்லி வழவழத்துப் போன ஓகே.
பெட்டி கட்டப் பத்து நிமிஷம் ஆகவில்லை,
பாதித் துணியை அவர் வெளியே எடுத்ததே கிடையாது.

கார் வரவில்லை. என் டிவிஎஸ்ஸில்
முன்னால் பெட்டி, பின்னால் அவர்,
மூலக்கொத்தளம் சுற்றி மழையில் போனோம்.
பெரிசாக எதையாவது சொல்வார் என்று
காது முழுக்கப் பின்னால் இருந்தது.
சென்ட்ரலில் இறங்கிச் சட்டையைப் பிழிந்தபடி
"டெல்லிபாபு உயரப் பந்துக்கு லேட்டாகக் குதிக்கிறான்,
நீ அவனைவிட நல்ல கீப்பர்" என்றார்.
"அப்புறம் ஏன் என்னை இறக்கல?"
"பயம்."
யாருடைய பயம் என்று கேட்பதற்குள்
மெட்ரோ படிக்கட்டில் பெட்டி இறங்கிக்கொண்டிருந்தது.

மாசி மாசம் போனில் ஒரு படம் வந்தது.
பின்னால் பனி, கழுத்தில் பச்சைத் துண்டு, எதிரே மைக்.
என்ன எழுத்தோ, என்ன நாடோ.
வாய் திறந்திருந்த விதத்திலேயே
என்ன சொல்கிறார் என்று தெரிந்தது.

சம்பூரணம் அக்காவிடம் காட்டினேன்.
"மெலிஞ்சிட்டாரு" என்றாள்.
"இருநூத்தி நாப்பது ரூவா பாக்கி."
நான் பாக்கெட்டில் கை விட்டேன்.
"நீ ஏன் தர்றே? எடு கைய.
அது அவரு கணக்கு."