முப்பத்தோராம் பிரிவு

வெட்டக் கூடாது என்று
ஒப்பந்தத்தில் இருக்கிறது.
முப்பத்தோராம் பிரிவு.
காரணம் எழுதவில்லை.
அஜ்மான் ருமைலாவில் இந்த மனைக்குச் சொந்தக்காரர்
அபு மாஜித் ஒரே ஒருமுறை வந்தார்.
காரின் கண்ணாடியை இறக்கி
மரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக்
குளிர் வெளியேறுமுன் ஏற்றிக்கொண்டார்.

வாதாமரம்.
வரைபடத்தில் ஒரு பச்சை வட்டம்.
அதற்காகப் பதினான்கு மாடி
ஒரு மூலையில் இரண்டரை மீட்டர்
ஒதுங்கி எழும்பப்போகிறது.
சுற்றிலும் ஆரஞ்சு வலை கட்டினோம்.
தொடாதே என்று நான்கு மொழியில் பலகை.
தமிழில் இல்லை,
அதை நான் மார்க்கரில் எழுதினேன்.

வில்லாவை இடிக்க மூன்று நாள்.
குல் ஸமான் பொக்லைன் கையைப்
பந்தியில் குனிந்து பரிமாறுகிறவன் போலக்
கிளைகளுக்கு நடுவே விட்டு எடுத்தான்.
ஒரு கொப்பு ஒடியவில்லை.
மரம் பத்திரம் என்று
அறிக்கையில் டிக் போட்டேன்.

ஜூலையில் இலை சிவந்தது.
வாதா சிவப்பது பனிக்காலத்தில். இதுவோ
கம்பியைக் கையுறை இல்லாமல் தொடமுடியாத மாதம்.
முதல் நாள் பன்னிரண்டு இலை. மறுநாள் நாற்பது.
அப்புறம் எண்ணவில்லை.

எவனோ டீசல் ஊற்றிவிட்டான் என்று
ஃபோர்மேன் அருமைநாயகம்
மண்ணை அள்ளி மோந்து பார்த்தார். இல்லை.
துல்பகதூர் மனசு கேட்காமல்
அடித்தளக் குழியில் இறைக்கும் தண்ணீரைக்
குழாயோடு இழுத்துவந்தான்.
நிறுத்துடா என்று கத்தினேன்.
விரலில் தொட்டு நாக்கில் வைத்தால்
கடல்.

அன்று இரவு கேம்பில்
ஜன்னல் ஏசி சொட்டுகிற சத்தத்தில் விழித்தேன்.
இடிப்பதற்கு முன் எடுத்த படங்களைத் தேடினேன்.
பின்சுவரில் ஐந்து ஏசி,
ஐந்து வெள்ளைக் குழாய்,
ஐந்தும் இறங்குவது ஒரே இடத்துக்கு.
இத்தனை வருஷம் யாரும் அதற்குத் தண்ணீர் ஊற்றியதில்லை.
உள்ளே யாரோ தூங்கினார்கள்,
அவ்வளவுதான்.
ஆள் போனதும் மின்சாரத்தைத் துண்டித்தோம்.
முறைப்படி. கடிதம் கொடுத்து.
வெட்டாமல் சாகடிப்பதற்கு
எந்தப் பிரிவிலும் பெயர் இல்லை.
பிரிவு என்பதே போதும் என்று
விட்டுவிட்டார்களோ என்னவோ.

மறுநாள்
கிரேன் சும்மா நின்ற அரைமணியில்
என் அலுவலகக் கேபினைத் தூக்கி
வலையோரம் வைத்தோம்.
ஏசியின் வாயில் இரண்டு முழ ஹோஸ் செருகி
வேரடிக்கு விட்டேன்.
காற்றிலிருந்து பிழிந்த தண்ணீர், உப்பில்லாதது.
நாளைக்கு மூன்று வாளி.
அதற்குப் பழக்கம் பதினைந்து.

ஆலோசகர் வந்தார்.
கேபின் ஏன் இடம் மாறியது?
நிழலுக்கு, என்றேன்.
நிமிர்ந்து பார்த்தார்.
மேலே இலை என்று சொல்ல
ஏழோ எட்டோ.

இப்போது விடுமுறையிலும் ஏசியை அணைப்பதில்லை.
டீசல் கணக்கு கேட்டு மின்னஞ்சல் வந்திருக்கிறது.
பன்னிரண்டரை மணி வேலைத்தடைக்கு
ஆட்களை எல்லாம் கேபினில் வந்து படுக்கச் சொல்கிறேன்.
ஆள் கூடினால் அதிகம் சொட்டுகிறது.
நம் வியர்வையும் சேர்த்துத்தான், சார்
என்கிறான் துல்பகதூர், சிரிக்காமல்.

தெற்குக் கிளை நுனியில்
தளிர் மாதிரி ஏதோ.
சிமென்ட் தூசியாகவும் இருக்கலாம்.
ஏணி ஏறிப் பார்க்க
அனுமதிச் சீட்டு வேண்டும்.
எழுதிக்கொண்டிருக்கிறேன்.
வேலையின் விவரம் என்ற கட்டத்தில்
பேனா நிற்கிறது.