இயல்பு அளவு

மீன் கடையில் ஐஸ் வாங்கி
தெர்மாகோல் பெட்டியில் கொட்டிக்கொண்டு
கடச்சனேந்தல் தாண்டும்போது மணி ஆறு.
பெட்டிக்கு விரால் வாடை.
குரங்குகளுக்கு அது பிடிக்காது.
எனக்கும்தான்.

அப்பன்திருப்பதிக்குக் கிழக்கே
கைவிட்ட கோழிப்பண்ணையில் இருபத்து மூன்று கூண்டுகள்.
ஒத்தக்கடைக் காலனியில்
தொட்டி மூடியைத் திறந்து குளித்தவை,
கோவில் வாசலில் குழந்தையின் கையிலிருந்து
தோசையைப் பறித்தவை.
ஒன்று, ஹாஸ்டல் மாடியில்
யாருடைய சாதிச் சான்றிதழையோ கிழித்தது.
எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள்
குற்றப்பத்திரிகை மாதிரி.
பெயர் இல்லை, எண்தான்.

மருந்து ஏறினால் தலை முதலில் சாயும்.
வால் கடைசியில்.
தொடையின் உள்பக்கம் மயிரை ஒதுக்கி
நரம்பைத் தேடுகிறேன்.
ஊதா மூடியில் இரண்டு மில்லி
சிவப்பு மூடியில் இரண்டு.
எட்டு முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும்,
குலுக்கக் கூடாது.
குலுக்கினால் அணு உடையும்
அறிக்கை பொய் சொல்லும்.

இதுவரை எங்களிடம் இருந்த அட்டவணை
வேறு தேசத்தில், வேறு இனத்துக்கு,
ஏசி அறையில் எடுத்தது.
"நம்ம குரங்குக்கு நம்ம கணக்கு வேணும்"
என்றார் டாக்டர் ஜெபகனி.
அதற்குத்தான் இந்த ஐஸ், இந்த விடியல்.

பதினோராம் எண்ணுக்குக் கொழுப்பு
இருநூற்றைத் தாண்டிவிட்டது.
"அழகர் கோவில் தோசை" என்றான் ஒச்சு.
"பெருமாளுக்கு அடுத்து ஜாஸ்தி சாப்பிட்டது இவன்தான்."

சர்க்கரை எல்லாவற்றுக்கும் ஏறி நிற்கிறது,
வெள்ளணுவும்.
நோயில்லை, பயம் என்கிறார் டாக்டர்.
வலையைக் கண்டதும் கல்லீரல்
சேர்த்து வைத்த சர்க்கரையை அவிழ்த்துவிடுமாம்,
ஓடுவதற்கு.
ஓட நாலடி இருக்கிறது.
ஓடாத ஓட்டமெல்லாம்
என் குழாயில் வந்து தேங்குகிறது.
நான் அதற்கு லேபிள் ஒட்டுகிறேன்.

மிஷின் ஒழுங்காகத்தான் சொல்கிறதா என்று பார்க்க
ஒருநாள் என் கையிலேயே குத்தி ஒரு குழாய் வைத்தேன்.
ஹீமோகுளோபின் ஒன்பது புள்ளி நான்கு.
ஏழாம் எண், வயிற்றில் குட்டியோடு இருப்பது,
பதினொன்றரை.
ஒச்சு எட்டிப் பார்த்தான்.
"இது எந்தக் கூண்டுக்கா?"
பதில் சொல்வதற்குள்
கரண்ட் போய்விட்டது.

பதினேழு வேறு மாதிரி.
நாலாவது வாரம், ஊசியை எடுக்கும் முன்பே
கம்பிக்கு வெளியே கையை நீட்டியது.
மயக்க மருந்து தேவைப்படவில்லை.
கடலை வைத்தேன், எடுக்கவில்லை.
மலைப் பக்கம் பார்க்கும் என்று நினைத்தேன்.
என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சர்க்கரை எழுபத்தொன்று.
வெள்ளணு எட்டாயிரத்துக்குள்.
டாக்டருக்கு அன்று அத்தனை சந்தோஷம்.
"இதுதாம்மா இயல்பு அளவு. சுத்தமான எண்.
தானாக் குடுக்குது பாருங்க."
தண்ணீர்க் குழாயை நிறுத்தாமலே
கூண்டைக் கழுவியபடி ஒச்சு சொன்னான்:
"குடுக்கல டாக்டர். கைய விட்ருச்சு."

நத்தம் தாண்டி மலையடியில் விட
உத்தரவு வந்தது.
லாரி நின்றதும் கதவுகளைத் தூக்கினோம்.
தோசைக்காரன் முதல் ஆளாகப் பாய்ந்தான்.
ஏழாம் எண் வயிற்றைப் பிடித்தபடி
புளியமரத்தில் ஏறி, திரும்பி, என்னைத் திட்டியது.
நல்ல திட்டு.
பதினேழின் கதவும் திறந்துதான் இருந்தது.
அது பின்பக்கக் கம்பி வழியே
என்னிடம் கையை நீட்டியது.

என்னிடம் ஊசி இல்லை.
உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் அதை முகர்ந்தது,
விரால் வாடையாக இருக்கும்.
பிறகு எப்போது இறங்கியது என்று
நான் பார்க்கவில்லை. ஒச்சு பார்த்தானாம்.

அட்டவணையில் கடைசிப் பத்தி:
"விட்ட பிறகு."
இருபத்து மூன்று கட்டங்கள்.
கோடு போட்டு மூடிவிடச் சொன்னார் டாக்டர்.
இன்னும் போடவில்லை.