பக்கம் நாற்பத்தொன்று

மெர்பேங்க் நூலகத்தில்
திரும்பி வரும் புத்தகங்களைப் புரட்டி
பென்சில் குறிப்புகளை அழிப்பது என் வேலை.
மேசை முழுக்க ரப்பர்த் துகள்.
நாள் முடிவில் ஊதித் தள்ளுவேன்.

அந்தப் புத்தகம் ஒன்றும் தடிமனில்லை.
அட்டையில் ஒரு ஜன்னல், அதில் ஒரு தொட்டிச்செடி.
பசுமையாய் வாழ நூறு வழி சொல்கிறது.
எழுதியவர் ஏதோ குளிர்தேசத்துக்காரர்,
நல்ல மனிதர்தான்.
மழைநீரைப் பிடி என்கிறார்,
காய்கறித் தோலை மண்ணுக்கே கொடு என்கிறார்.
நாற்பத்தொன்றாம் பக்கத்தில் மட்டும்
விடிந்ததும் ஜன்னலைத் திற,
காசில்லா மருந்து காற்று என்கிறார்.

அதன் ஓரத்தில், கூரான பென்சிலில்:
"எந்த ஜன்னலை, ஐயா?
வடக்கே ஒரு எண்ணெய் ஆலை.
தெற்கே ஒன்று."

ரப்பரை எடுத்துவிட்டேன்.
யாரென்று சீட்டைப் பார்த்தேன்.
கோகிலம் படையாச்சி, தார்வார் சாலை.
சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறவள்.
எப்போதும் ஒருநாள் தாமதமாய்க் கொண்டுவந்து
அபராதத்தைச் சில்லறையாய் எண்ணி வைப்பவள்.
ரப்பரைக் கீழே வைத்தேன்.
ஏனென்று கேட்காதீர்கள், அன்று எனக்கும் இருமல்.

மறுமுறை அவள் எடுத்துப் போய்த் திரும்பியபோது
ஓரம் நிறைந்திருந்தது.
"செவ்வாய், இரவு பத்தே முக்கால். அழுகிய முட்டை.
வியாழன், விடிகாலை நாலு. எரிந்த டயர்.
பையனுக்கு நீலப் பம்பு இரண்டு தரம்.
சனி. ஒன்றுமில்லை. போர்வை துவைத்தேன்."

பிறகு கையெழுத்துகள் மாறின.
வாரங்கல் சாலையிலிருந்து ஒருவர் காற்றின் திசையை அம்புக்குறியாய்ப் போட்டிருந்தார்.
லாமண்ட்வில் மாணவி ஒருத்தி எழுதினாள்:
"உமோயா. எங்கள் மொழியில்
காற்றும் அதுவே, உயிரும் அதுவே.
வேறு சொல் தேடித் தராதீர்கள்."
அப்புறம் நடுங்கும் பெரிய எழுத்தில்:
"நாலு மணிக்குத்தான் திறப்பார்கள், ஊர் தூங்கும் நேரம்.
அந்த வால்வைப் பத்தொன்பது வருடம்
நான் திறந்திருக்கிறேன்."
கையொப்பம் இல்லை.
சீட்டில் பெயர் இருக்கிறது.
நான் சொல்ல மாட்டேன்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பத்துமுறை எழுத வைத்தார்கள்.
எங்கள் தெருவில் தூற்றுவதென்றால் வசவுதான்.
வீசுகிற காற்றையெல்லாம் தூற்றித் தீர்த்தோம்,
பதரும் போகவில்லை, நெல்லும் மிஞ்சவில்லை.
இவள் வந்துதான் முறத்தைக் கையிலெடுத்தாள்.

போன மாதம் சமூகக்கூடத்தில் ஆலையிலிருந்து ஒருவர்,
வெள்ளைத் திரையில் நீலக் கோடுகள்:
"புகார் எதுவும் பதிவாகவில்லை."
கோகிலம் எழுந்து புத்தகத்தைப் பிரித்தாள்.
ஆறு பக்கம் வாசித்தாள்,
தையல்காரிக்கே உரிய நிதானத்தில், ஒரு தையல்கூடத் தவறாமல்.
அவர் கேட்டார்:
"நூலகச் சொத்தில் கிறுக்கலாமா?"
கூடம் சிரித்தது.
கடைசி வரிசையில் ஒருவர் மட்டும்
தொப்பியை மடியில் வைத்து அதையே பார்த்திருந்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
பதினோரு வருடம் ஊதித் தள்ளிய துகளில்
எத்தனை செவ்வாய், எத்தனை விடிகாலை நாலு மணி?
சமையல் புத்தகத்தில், வேதியியல் பாடநூலில்,
ஏன், ஒரு துப்பறியும் கதையின் கடைசிப் பக்கத்தில்
"இப்போதும் நாறுகிறது" என்று எழுதியிருந்ததை
அழுத்தித் தேய்த்தது நினைவிருக்கிறது.
தாள் கிழிந்தது.

புத்தகம் திரும்ப வேண்டிய நாள் தாண்டி ஐந்து வாரம்.
யார் யார் கைக்கோ போயிருக்கிறது.
நினைவூட்டல் கடிதம் நான் அனுப்பவில்லை.

நேற்றிரவு தொண்டை கமறி விழித்தேன்.
எழுத அந்த ஓரம் என்னிடம் இல்லை.
மின்கட்டண ரசீதின் முதுகில் குறித்துவைத்தேன்:
ஞாயிறு, பதினொன்று இருபது.
பெட்ரோல். கொஞ்சம் இனிப்பாக.