பதினேழாவது அத்தியாயம்

முருகன்குறிச்சித் திருப்பத்தில்
நகல் எடுக்கும் கடை என்னுடையது.
பக்கம் எட்டு ரூபாய்க்குக் கதையும் தட்டிக் கொடுப்பேன்.
மூன்று பேர் வாடிக்கை.
நாலாவதாக ஒருவர் வந்தார்,
நாவல் முடியுமுன் நாங்குநேரிக்கு மாற்றலாகிப் போனார்.

ஞானதிரவியம் பொதுப்பணித் துறை.
அவர் நாவல் முதலில் வரைபடத் தாளில் ஓடும்.
கால்வாய் மாதிரி ஒரு தலைக்கோடு,
அதிலிருந்து கிளை, கிளைக்கு மடை,
எந்த மடை எந்த அத்தியாயத்தில் திறக்கும்,
யார் வயலுக்கு எத்தனை நாழி,
எல்லாம் பென்சிலில்.
பதினேழாவது அத்தியாயத்தில் மட்டும்
சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி:
இசக்கி சாகிறாள்.
எட்டு வருஷமாகப் பதினாறில் நிற்கிறார்.
"முடிஞ்சுதா சார்?" என்பேன்.
"இல்லம்மா, காய்ச்சல்தான் வந்திருக்கு.
இப்போ கஞ்சி குடிக்கா."

செய்யதலி பாத்திமா மேலப்பாளையம்.
பகலில் பீடி, ராத்திரி கதை.
கடைசி வரியை முதலில் எழுதி
நாலாய் மடித்துக் கத்தரி உறைக்குள் வைத்துவிடுவாள்.
"முடிச்சு எங்கன விழும்னு தெரிஞ்சா
சுத்துறதுக்கு எம்புட்டு நேரம்?"
அந்த வரியை எனக்கும் காட்டமாட்டாள்.
தட்டிய தாளின் அடியில்
அவளே கையால் எழுதிக்கொள்வாள்.
ஒருமுறை கதை வேறு ஊருக்குப் போய்விட்டது,
கடைசி வரி இங்கேயே இருந்தது.
எழுபது பக்கத்தைக் கிழித்தாள்.
வரியைக் கிழிக்கவில்லை.
எனக்கு அது வெறும் பிடிவாதமாகப் பட்டது.
இப்போதும் அப்படித்தான்.

சங்கிலிபூதத்தான் தென்காசி வண்டிக் கண்டக்டர்.
திட்டம் உண்டா என்றால் சிரிப்பார்.
"நம்ம எதுக்கு யோசிக்கணும்? சனம் ஏறுதுல்லா."
பாவூர்சத்திரத்தில் ஏறிய ஒருத்தி
"அவன்ட்ட மட்டும் சொல்லிராத" என்று போனில் சொல்லிவிட்டு
ஆலங்குளத்தில் இறங்கினால் போதும்.
யார் அவன், எதைச் சொல்லக்கூடாது,
சீதபற்பநல்லூர் தாண்டுவதற்குள்
டிக்கெட் சுருளின் முதுகில் ஓடத் தொடங்கும்.
வெயிலில் அந்தக் காகிதத்தின் கட்டணம் வெளுக்கும்,
ஊர்ப்பெயர் வெளுக்கும்,
அவர் பேனா மட்டும் நிற்கும்.
எல்லாக் கதையும் பாதியில் முடியும்,
ஏறக்குறைய ஒரே சொல்லில்:
இறங்கினாள். இறங்கினான். இறங்கிப் போனார்கள்.

என்னிடம் வரைபடம் இல்லை,
உறைக்குள் ஒரு வரியும் இல்லை.
கணினியில் பெயரிடாத கோப்பு ஒன்று உண்டு,
இரண்டு வாக்கியம்.
கூட்டம் இல்லாத நேரம் திறந்து ஒரு சொல்லை மாற்றுவேன்.
மூடும்போது, சேமிக்கவா என்று கேட்கும்.
வேண்டாம் என்பேன்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை,
மின்சாரம் போய்ப் போய் வந்த மத்தியானம்,
பூதத்தானுக்குப் பதினோரு பக்கம் தட்டிய கையோடு
ஞானதிரவியத்தின் தாளை எடுத்தேன்.
கொன்றேவிட்டார் மனுஷர்.
எழுத்து நடுங்கியிருந்தது:
விடியுமுன் இசக்கி இறந்தாள்.

நான் தட்டியது:
விடியுமுன் இசக்கி இறங்கினாள்.

கைப்பழக்கம்.
அன்றைக்கும் அப்படித்தான் சொன்னேன்.

சிவப்புப் பேனாவைத் திறந்தவர்
தாளில் வைக்காமல் நின்றார்.
வெளியே ஒரு மினி பஸ்
விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.
"எங்க இறங்கினா?" என்றார்,
என்னிடம் இல்லை.
"ஆத்துலயா, வண்டிலேந்தா?" பாத்திமா கேட்டாள்.
பூதத்தான் சில்லறை எண்ணுவதை நிறுத்தினார்.
"விடியுமுன்னன்னா மொத வண்டியால்லா இருக்கும்.
ஒத்தையாவா வந்தா சார்?
கையில பை கிய்யி இருந்துச்சா?"

"பை இருந்துச்சு" என்றார் ஞானதிரவியம்,
யாரோ பிடித்துத் தள்ளிய மாதிரி.

வரைபடத் தாளை மேசையில் விரித்தார்.
பெருக்கல் குறிக்கு அப்பால்
கோடே இல்லை, வெறும் கட்டங்கள்.
அழிரப்பர் கேட்டார்.
எதிர்க்கடையில் வாங்கி வந்தேன்.
மை அழியவில்லை, தாள்தான் கிழிந்தது,
விரல் நுழையும் அளவு.

அந்தப் பக்கத்துக்கு எட்டு ரூபாய்
கேட்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.
அவர் நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன்.